பரிசோதித்தவர் கையெழுத்து

வெறுங்கையால் முழம் போடுவதில் அந்த மேனேஜரை மிஞ்ச ஆள் கிடையாது. கேஸ் அடுப்பு செய்யும் தொழிற்சாலையில் பதினோரு வருடமாக அடுப்புகளுக்குத் தீயைக் கூட்டிக் குறைக்கிற நாப் மாட்டிக்கொண்டிருந்தவளை, ஒரு திங்கட்கிழமை காலை எல்லார் முன்னாலும் கூப்பிட்டு நிறுத்தினார். பழைய பரிசோதகர் ஓய்வுபெற்று மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அவர் கழற்றிப் போட்டுவிட்டுப் போன வெள்ளைக் கோட்டை, துவைக்கக்கூட இல்லாமல், அவள் தோளில் போர்த்தினார்.

"இனிமே நம்ம நாப் அக்காதான் பரிசோதகர். எல்லாரும் கை தட்டுங்க!"

தட்டினார்கள். தட்டுவதற்குக் காசா பணமா?

"அப்போ நாப் மாட்டுறது யாரு சார்?"

"அதையும் நீதாம்மா பாத்துக்கணும். உன்னால முடியும்னுதானே குடுக்கறேன்."

"சம்பளம்?"

கெட்ட வார்த்தை காதில் விழுந்தவர் போல முகத்தைச் சுளித்தார். "எடுத்த எடுப்புல சம்பளமா? இது எவ்வளவு பெரிய கௌரவம்!"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விரல் நுனிவரை விழுங்கிவிட்ட கோட்டுக் கைகளோடு, சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி நின்றாள். இதுவா கௌரவம்?

வீட்டுக்காரருக்கோ வாயெல்லாம் பல். அவர் தையற்காரர். அன்று சாயங்காலமே கோட்டைத் துவைத்துக் காயப்போட்டு, கையைக் குட்டையாக்கி, தோளைப் பிடித்துக் கொடுத்தார். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், "என் வீட்டம்மா இப்போ ஆபீசர்" என்று பீற்றிக்கொண்டார்.

"கோட்டைக் குட்டையாக்கிட்டீங்க. வேலையை யாரு குட்டையாக்குவாங்க?" என்றாள். அவர் காதில் அது ஏறவில்லை.

பரிசோதனை என்பது சும்மா பார்த்துவிட்டுப் போகிற வேலை இல்லை. ஒவ்வோர் அடுப்பையும் கேஸ் குழாயில் இணைத்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவி, குமிழி வருகிறதா என்று கண் கொட்டாமல் பார்க்கவேண்டும். குமிழி வந்தால் கசிகிறது என்று அர்த்தம். வராவிட்டால் 'பரிசோதித்தவர்' என்று அச்சடித்த சீட்டில் கையெழுத்துப் போட்டு ஒட்டவேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு அடுப்பு. நாப்பையும் மாட்டிக்கொண்டு இருநூறைப் பார்க்க அவளுக்கு இன்னும் நாலு கை முளைத்திருக்கவேண்டும்.

மேனேஜர் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். சீட்டுக் கட்டை அவள் பையில் திணித்தார். "வீட்ல உக்காந்து கையெழுத்து போட்டு எடுத்துட்டு வந்துடும்மா. இங்க ஒட்டுறதுதான் வேலை. பத்துல ஒண்ணப் பாத்தா போதும்."

பத்து நாள் அப்படித்தான் போட்டாள். நாளைக்கு எவர் வீட்டுச் சமையலறையாவது பற்றிக்கொண்டால், சீட்டில் இருப்பது அவள் பெயர். வந்து பிடித்துக்கொண்டு போவதும் அவளைத்தான். மேனேஜர் பெயர் எதிலும் கிடையாது, அதில் மட்டும் அவர் படு உஷார். அவர்மேல் இருந்த அருவருப்பில் பாதி அவளுக்குத் தன்மேலேயே திரும்பியது. வேலை போய்விடுமே என்று பயந்து, பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதுகிறவளை வேறென்ன சொல்வது?

பதினோராம் நாள் மேனேஜர் குழைந்துகொண்டு வந்தார்.

"பொண்ணு தனிக்குடித்தனம் போறாம்மா. நல்ல அடுப்பா ஒண்ணு எடுத்துக் குடு."

கட்டி அடுக்கியிருந்த பெட்டிகளில் மேலே இருந்ததை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் திறந்து அப்படியும் இப்படியும் புரட்டிப் பார்த்தார்.

"இதை டெஸ்ட் பண்ணியா?"

"சீட்டு ஒட்டியிருக்கே சார்."

"சீட்டு கிடக்கட்டும். சோப்புத் தண்ணி போட்டுப் பாத்தியா?"

வேலை செய்துகொண்டிருந்த அத்தனை பேரும் கையை நிறுத்தினார்கள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

அவள் சோப்புத் தண்ணீர்க் குவளையையும் பிரஷ்ஷையும் அவர் கையில் கொடுத்தாள். "நீங்களே பாத்துக்குங்க சார். உங்க பொண்ணாச்சே."

வேறு வழியில்லாமல் குந்தி உட்கார்ந்து தடவினார். முதல் அடுப்பில் குமிழி வந்தது. அடுத்ததில் வரவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவரிடம் ஒரு வெற்றுச் சீட்டையும் பேனாவையும் நீட்டினாள்.

"நீங்கதானே பாத்தீங்க? கையெழுத்து போட்டுட்டுப் போங்க."

தன் கண்ணாலேயே பார்த்த அடுப்புக்குக்கூட அவர் பேனாவைத் தொடவில்லை. பெரிய மனுஷனாம்! அவள் கோட்டைக் கழற்றி, மிச்சச் சீட்டுக் கட்டோடு சேர்த்து அந்த அடுப்பின்மேல் வைத்தாள். பிறகு, அடுக்கியிருந்த பெட்டிகளிலிருந்து தன் கையெழுத்தை ஒவ்வொன்றாகக் கிழித்து எடுத்தாள். ஏற்கெனவே லாரியேறிப் போனவற்றின் நினைப்பு வந்ததும் மேனேஜர் பக்கம் திரும்பினாள்.

"அவ்வளவும் திரும்பி வரணும் சார். இல்லேன்னா, வாங்கின கடைக்கெல்லாம் நானே போய் நின்னு சொல்லுவேன்."

லாரி திரும்பி வந்தது. அன்று மேனேஜர் கேட்ட கேள்வி காதில் விழுந்திருந்த எவரும் அந்தச் சீட்டில் கையெழுத்துப் போட முன்வரவில்லை. கையெழுத்தில்லாமல் ஒரு பெட்டியும் வாசலைத் தாண்டாது. புது ஆள் வரும்வரை மேனேஜரே அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு, இருநூறு அடுப்புக்கும் சோப்புத் தண்ணீர் தடவினார். கோட்டின் கை அவருக்கு முழங்கைக்குச் சற்றுக் கீழேதான் வந்தது.