நூற்றுக்கு நூறு ரிசல்ட்

மகனைப் பதினோராம் வகுப்பில் சேர்க்க, கருமத்தம்பட்டியிலிருந்து கோவைக்குப் போய் ஆண்கள் படிக்கும் இரண்டு தனியார் பள்ளிகளைப் பார்த்தோம். முதல் பள்ளியின் வாசலில், அதிக மதிப்பெண் எடுத்தவர்களின் படங்களோடு பெரிய பிளெக்ஸ் கட்டியிருந்தது. அதைப் பார்த்ததுமே என் கணவர் முடிவு செய்துவிட்டார்.

நான் முதல்வரிடம் கேட்டேன். "ஏனுங்க சார், இங்க சேர்ற பசங்க எல்லாருமே இங்கயே பிளஸ் டூ எழுதறாங்களா?"

"படிக்காதவங்களுக்குப் பாதியிலயே டீசி குடுத்துருவோமுங்க. அதனாலதான் நூத்துக்கு நூறு ரிசல்ட்டு" என்றார் பெருமையாக.

நிரப்பி வைத்திருந்த விண்ணப்பத்தை அவர் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டேன். "அப்ப எங்க பையனுக்கு இந்த ஸ்கூல் வேண்டாமுங்க."

வெளியே வந்ததும் கணவர், "சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்க?" என்றார்.

"சொல்லட்டுமுங்க. படிக்கப்போறது நம்ம பையன்."

இரண்டாவது பள்ளியில், தோற்பவர்களுக்கு மாலையில் தனி வகுப்பு உண்டு, யாரையும் அனுப்புவதில்லை என்றார்கள். அங்கேயே சேர்த்தோம். பள்ளித் தேர்வுகளில் வேதியியலில் இரண்டு முறை தோற்றவன், பிளஸ் டூவில் சுமாரான மதிப்பெண்ணோடு தேறினான்.

நாத்தனார் இன்றும் தன் மகனின் மார்க்கைச் சொல்லிக் காட்டுகிறார். நான் தலைகுனிவதில்லை. "எங்க பையனும் பாஸுங்க" என்று கல்யாண வீட்டில்கூடச் சத்தமாகவே சொல்கிறேன்.