திறந்து காட்டாத பொட்டலம்

முப்பத்தோரு வருஷம் பார்சல் அலுவலகத்தின் இரண்டாம் கவுன்டரில் உட்கார்ந்து எழுந்தவளை ஊரே பார்சலம்மா என்றுதான் கூப்பிட்டது. கட்டிய கணவரே சில சமயம் அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார். அவளிடம் ஒரே ஒரு சட்டம்தான். திறந்து காட்டாத பொட்டலத்தை வாங்க மாட்டாள். உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்த்து, தராசில் வைத்து, அதற்கப்புறம்தான் டேப்பைத் தொடுவாள். பெரிய அதிகாரியின் மைத்துனன் என்று மிதப்பாக வந்த ஒருவனை, "மைத்துனரா இருந்தா என்ன, மூடியைத் திறங்க சார்" என்று வரிசையின் கடைசிக்கு அனுப்பியவள் அவள்.

அப்படிப்பட்டவள் ஓய்வு பெற்ற மறு மாதமே வெளிநாடு போகக் கிளம்பினாள். யாரைப் பார்க்க என்று கேட்டவர்களுக்கெல்லாம், "யாரையும் இல்ல" என்றாள். அங்கே அவளுக்கு மகளும் இல்லை, மகனும் இல்லை, பிரசவமும் இல்லை. எழுத வராதவர்களுக்கு முகவரி எழுதிக் கொடுத்தே அவள் கை தேய்ந்தது. அதில் பாதி கடலுக்கு அந்தப் பக்கமுள்ள ஒரே நகரத்து முகவரிகள். துறைமுகத் தெரு, மணிக்கூண்டுச் சந்து, பழைய பாலத்தடி என்று எல்லாம் மனப்பாடம். ஒன்றையும் கண்ணால் கண்டதில்லை. எட்டு நாள் அந்தத் தெருக்களில் காலாற நடக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அதற்கென்றே சாம்பல் நிற ஷூ ஒரு ஜோடி வாங்கி வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பழகினாள். விமானம் என்றாலே பத்தடி தள்ளி நிற்கும் கணவர், "நீ போயிட்டு வாம்மா, நான் வீட்டைப் பாத்துக்கறேன்" என்று நழுவிக்கொண்டார்.

செய்தி வெளியே போனதுதான் தாமதம், வாசலில் ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். முதலில் வந்தது நாத்தனார். அங்கே இருக்கும் தன் மகனுக்கென்று துணி சுற்றி நான்கு பக்கமும் தைத்த பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்தாள். "வெறும் துணிதான். ஒரு கிலோகூட வராது. நீ சும்மாதானே போறே?" என்றாள். திறந்து காட்டுங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. வீட்டு மனுஷியிடம் எப்படிக் கேட்பது என்று பார்சலம்மா விழுங்கிவிட்டாள். வாழ்க்கையிலேயே முதல் தடவையாகத் திறக்காத பொட்டலத்தை வாங்கினாள். ஒருத்திக்கு வாங்கியபின் மற்றவர்களுக்கு மறுக்க முடியவில்லை. எதிர்வீட்டு டீச்சர், கணவரின் சித்தப்பா மகன் என்று மொத்தம் ஏழு பொட்டலம் சேர்ந்தது. எல்லோர் வாயிலும் அதே சும்மாதான்.

கிளம்புவதற்கு முதல் நாள் காலை பெட்டியைக் கட்டிலில் வைத்து அடுக்கினாள். இருபத்து மூன்று கிலோவுக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். கொக்கித் தராசில் மாட்டித் தூக்கினால் இருபத்தாறு காட்டியது. மழைக்கோட்டை எடுத்தாள். மாற்றுத் துணியில் பாதியை எடுத்தாள். கடைசியில் ஷூவையும் எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். பிறகு, எந்த நாளில் எந்த வீட்டுக்குப் பொட்டலத்தைக் கொண்டுபோவது என்று தாளில் எழுத ஆரம்பித்தாள். ஏழு வீடும் ஏழு மூலை. நாளுக்கு ஒன்றாக ஏழு நாள் போய்விட்டது. எட்டாம் நாள் காலையில் திரும்பும் விமானம்.

பேனாவைக் கீழே வைத்தாள். முப்பத்தோரு வருஷம் கவுன்டரில் உட்கார்ந்து பார்த்த வேலையை இனிச் சம்பளமில்லாமல் வீடு வீடாக ஏறி இறங்கிப் பார்க்கப் போகிறாள். இதற்கா ஆசைப்பட்டாள்? கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முதலில் தன் மேலேயே வந்தது.

கத்தரிக்கோலை எடுத்து நாத்தனாரின் தையலைப் பிரித்தாள். இரண்டு துண்டுக்கு நடுவில் கனத்த இரும்புச் சட்டி ஒன்று மல்லாந்து கிடந்தது. தராசில் மாட்டினால் நான்கு கிலோ முந்நூறு.

மாலை நான்கு மணிக்கு எல்லோரையும் வரச் சொன்னாள். வழியனுப்பக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துப் பல்லெல்லாம் தெரிய வந்தார்கள். சாப்பாட்டு மேசையின் மேல் ஏழு பொட்டலமும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் அவள் முத்து முத்தாக எழுதிய முகவரி.

"இதெல்லாம் நாளைக்கு ரெண்டாம் கவுன்டருக்குக் கொண்டு போங்க. புதுசா ஒரு பொண்ணு இருக்கா. நல்லா அனுப்புவா. நான் கொண்டு போகல" என்றாள்.

நாத்தனார் சட்டியைப் பார்த்தாள். முகம் சுருங்கியது. "பிரிச்சுட்டியா? என் மேல அவ்வளவு நம்பிக்கையா உனக்கு?"

"நம்பித்தான் அண்ணி வாங்கினேன். துணின்னீங்க. சட்டி எப்போ துணியாச்சு?"

டீச்சருக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாறியது. நாத்தனார் விடவில்லை. "தெரிஞ்சவங்க ஒருத்தர் வீட்டுக்கும் போகாம அங்க என்னதான் பண்ணுவே?"

"நடப்பேன்."

"அதுக்கு இவ்வளவு தூரம் போகணுமா? இங்க தெரு இல்லையா? டேய், உன் பொண்டாட்டியக் கொஞ்சம் கேளுடா!"

கணவர் தொண்டையைக் கனைத்தார். அக்காவையும் பார்த்தார், மனைவியையும் பார்த்தார். பிறகு மெதுவாக உள்ளே போய், பெட்டியின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து, பழைய நண்பனுக்கென்று தான் திருட்டுத்தனமாகச் செருகி வைத்த சின்னப் பொட்டலத்தை எடுத்து வந்து எட்டாவதாக மேசையில் வைத்தார்.

"முந்நூறு கிராம்தான்" என்று முணுமுணுத்தார்.

எல்லோரும் போன பிறகு பெட்டியை மறுபடி அடுக்கினாள். மழைக்கோட்டு, மாற்றுத் துணி, எல்லாவற்றுக்கும் மேலே சாம்பல் நிற ஷூ. ஒன்பது கிலோ. மூடி தொளதொளவென்று ஆடியது. பழக்க தோஷம், அலுவலகத்து லேபிள் ஒன்றை ஒட்டி எழுத உட்கார்ந்தாள். அனுப்புநர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள்.

கணவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "பெறுநர்னு யாரைப் போடுவே? நீதான் யாரையும் பாக்கப் போகலையே."

அவள் பேனாவை லேபிளிலிருந்து எடுக்கவே இல்லை. அதே பெயரை, அதே கையெழுத்தில், இன்னும் கொஞ்சம் பெரிதாக எழுதினாள்.