ஜமால் போட்ட கோடு, நான் போட்ட கோடு

செம்மண் தரையில் பூட்ஸ் குதிகால் உரசும் அந்த "சர்ர்ர்" சத்தம்... தாம்பரத்தில் எங்கள் ஃபுட்பால் மேட்ச் அதில்தான் தொடங்கும். ரெஃப்ரி விசிலெல்லாம் அப்புறம்.

உரசுவது எங்கள் கோல்கீப்பர் ஜமால். பின்னாளில் மாநில அணிக்குக் கோல் காத்து, பேப்பரில் போட்டோ வந்த அதே ஜமால்தான். அப்போது குரோம்பேட்டையில் அவன் அத்தாவின் ஹார்டுவேர் கடையில் பைப் அறுத்துக்கொண்டிருந்தான்.

இடது போஸ்ட்டிலிருந்து அஞ்சு ஸ்டெப் எண்ணுவான். அதுதான் கோலின் நடு. அங்கிருந்து குதிகாலால் முன்பக்கம் ஒரு கோடு இழுப்பான். ஆட்டத்தில் முன்னேறி வந்த பிறகு, திரும்பிப் பார்க்காமல் கோட்டை வைத்தே தான் நிற்கும் இடத்தைச் சரிபார்த்துக்கொள்வான்.

ஒரு நாள், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் செலக்‌ஷன் மேட்ச். வேலை கிடைக்காவிட்டால் பந்தை மறந்துவிட்டுக் கல்லாவில் உட்கார வேண்டும் என்று அத்தா கறாராகச் சொல்லியிருந்தார்.

ஹாஃப் டைமில் சைடு மாற வேண்டும். ஜமாலுக்குக் கணுக்காலில் அடி, டேப் சுற்றிக்கொண்டிருந்தான்.

"நீ உக்காரு மச்சான், கோடு நான் போட்டு வைக்கிறேன்" என்று ஓடினேன். அவனுக்கு முன்னால் நிற்கும் டிஃபென்டர் நான், அவன் கணக்கு எனக்கு மனப்பாடம். அஞ்சு ஸ்டெப். இழுத்துவிட்டேன்.

அவன் ஆறடி. நான் அஞ்சே கால். அது என் மண்டைக்கு உறைக்கவே இல்லை...

கோடு நடுவுக்கு வராமல் ஒன்றரை அடி இடதுபக்கமே விழுந்திருக்கிறது. அதை நம்பி நின்றான். கடைசி நிமிடத்தில் வலது மூலைக்கு ஒரு ஷாட். அவன் விரலுக்கு ஒரு சாண் தள்ளி உள்ளே போனது. தோற்றோம்.

எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தபோது, ஜமால் போஸ்ட்டிலிருந்து எண்ணிப் பார்த்தான். அஞ்சாவது ஸ்டெப் கோட்டைத் தாண்டி விழுந்தது. பூட்ஸால் தேய்த்து அழித்தான்.

"இன்னாடா ஜமாலு, அந்தப் பக்கம் அவ்ளோ கேப் வுட்டுகினு நின்ன?" என்றார் கோச்.

"கோடு கோணலா போட்டுட்டேன் சார்."

நான் பக்கத்தில்தான் ஷூ லேஸ் அவிழ்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

லிஸ்ட்டில் அவன் பெயர் இல்லை. இரண்டு வருஷம் கல்லாவில் உட்கார்ந்தான். கடை திறப்பதற்கு முன் தனியாகப் பிராக்டிஸ் செய்து, அப்புறம் வேறொரு துறையில் சேர்ந்தான். அதன் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு போட்டோ வந்தபோதும் எனக்குச் சந்தோஷம்தான். கூடவே அந்த இரண்டு வருஷமும் உறுத்தும்.

போன ஞாயிறு ஊரப்பாக்கத்தில் பழைய டீம் ஒரு ஃப்ரெண்ட்லி ஆடினோம். பிளாஸ்டிக் புல், ஏற்கெனவே போட்டு வைத்த வெள்ளைக் கோடுகள். எல்லோருக்கும் தொப்பை. கோல் மட்டும் அதே அளவு.

ஜமால் குதிகாலால் உரசினான்.

"இன்னா கிரவுண்டுடா இது, ஒரு கோடு வுழ மாட்டேங்குது!"

பையிலிருந்து டேப் ரோலை எடுத்து என்னிடம் வீசினான். "நடுவுல ஒட்டு மச்சான்."

இடது போஸ்ட்டுக்குப் போய்க் காலை எடுத்து வைத்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"உன் காலுக்கு ஆறு ஸ்டெப்."