பதினேழு நாள் பொறுக்கிய கல்

நான் பிறந்து வளர்ந்தது காளப்பநாயக்கன்பட்டியில். எங்கள் தோட்டத்தில் கிணறு வெட்டியபோது இரண்டு ஆள் ஆழத்துக்குச் செம்மண்ணாகவே வந்தது. மண் என்றால் தோண்டத் தோண்ட வரும் என்ற நினைப்போடுதான் கொல்லிமலைக்கு ஆசிரியையாக ஏறினேன்.

மலை மேல் குண்டூர் நாடு என்ற பகுதியில் ஒரு சின்ன ஊர். தொடக்கப் பள்ளிக்குப் பின்னால் வாடகை வீடு. பக்கத்து வீட்டில் ஓர் அக்கா தனியாக இருந்தார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். கணவர் இல்லை. மகளும் மருமகனும் கட்டட வேலைக்காக அடிவாரத்தில் குடியிருந்தார்கள். நான் போன முதல் மழைக்காலத்திலேயே எனக்கு டைபாய்டு வந்து படுத்துவிட்டேன். எட்டு நாள் மூன்று வேளையும் கஞ்சி கொண்டுவந்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர் அந்த அக்காதான். இவருக்குப் பதிலுக்கு என்ன செய்யப்போகிறோம் என்று அப்போதிருந்தே எனக்கு ஒரு தவிப்பு.

எங்கள் வீடுகளுக்கு மேலே, சரிவில் அவருடைய அரை ஏக்கர் நிலம். அதற்கும் மேலே மரங்கள் அடர்ந்த காடு. நிலத்தில் மண்ணைவிடக் கல்தான் கண்ணில் படும். கைக்கு அடங்கும் கல், தேங்காய் அளவுக் கல், இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கல். அந்தக் கல்லுக்கு நடுவில்தான் சாமை விதைப்பார். களை எடுக்கும்போது கல்லில் மோதி அவருடைய களைக்கொத்து ‘ணங்’ என்று சத்தம் போடும். வகுப்பில் இருந்தாலும் எனக்குக் கேட்கும். பாவமாக இருக்கும்.

ஒரு கோடை விடுமுறையில் மகளுக்குப் பிரசவம் என்று அக்கா கீழே கிளம்பினார்.

“கோழிக்கு மட்டும் தண்ணி வெச்சிருங்க டீச்சர். ஒரு மாசத்துல வந்தர்றேன்.”

அவர் போன மறுநாளே எனக்கு அந்த யோசனை வந்தது. அவர் திரும்பி வருவதற்குள் நிலத்தில் ஒரு கல் இல்லாமல் பொறுக்கிவிட வேண்டும். சொன்னால் வேண்டாம் என்பார்; சொல்லாமல் செய்ய வேண்டும்.

விடிந்ததும் இரும்புச் சட்டியோடு ஏறிவிடுவேன். வெயில் ஏறும்வரை பொறுக்குவேன். சாயங்காலம் மறுபடியும் போவேன். சில கல்லைப் புரட்டினால் தேள் இருக்கும். பல கல்லுக்கு அடியில் மண் ஈரமாக, கறுப்பாக, குளிர்ச்சியாக இருக்கும். அந்தக் கோடையிலும் ஈரம். அதைத் தொட்டுப் பார்த்தேனே தவிர, ஏன் என்று யோசிக்கவில்லை.

என் கணவர் கொத்தனார். வாரம் முழுக்கக் கீழே வேலை பார்த்துவிட்டுச் சனிக்கிழமை பைக்கில் மேலே வருவார். நான் குவித்து வைத்திருந்த கல்லைப் பார்த்ததும் அவருக்குக் கை பரபரத்தது.

“ஏம்புள்ள, இதையேன் இப்படிக் குப்பையாட்டம் போட்டிருக்கற? அழகா ஒரு செவுரு வெச்சர்லாம்.”

மட்டக்கயிறு கட்டி, தூக்குக்குண்டு பிடித்து, நிலத்தின் ஓரத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவர் எழுப்பினார். பதினேழாம் நாள் நிலம் கூட்டிப் பெருக்கிய வாசல் போல இருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் பெருமை தாங்கவில்லை.

அக்கா மினி பஸ்ஸில் வந்து இறங்கியபோது பையைக்கூட வீட்டில் வைக்க விடவில்லை. பேரன் பிறந்த கதையைச் சொல்லத் தொடங்கியவரைக் கையைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டு போனேன்.

அவர் நிலத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடியும் நிலத்தைப் பார்த்தார்.

“கல்லெல்லாம் நீங்களா பொறுக்குனீங்க?”

“ஆமாக்கா. பதினேழு நாள்.”

என் கையை வாங்கி உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கொப்பளம் உடைந்து காய்த்துப்போயிருந்தது. அதைத் தன் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். “நல்ல மனசுங்க உங்களுக்கு” என்றார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை கல் விழும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அக்கா தனியாகக் கல்லைச் சட்டியில் எடுத்துப்போய் நிலத்தில் இறைத்துக்கொண்டிருந்தார்.

ஓடினேன். “என்னக்கா பண்றீங்க?”

சட்டியை இறக்கி வைத்தார்.

“மனசு நோவாதீங்க டீச்சர். இங்க மண்ணு ஒரு சாண்தானுங்க. அதுக்கும் கீழ பாறை. கல்லுதான் மண்ணையும் ஈரத்தையும் புடிச்சு வெச்சிருக்குது. இந்தச் சரிவுல கல்லு இல்லைன்னா, ஒரே மழைல எல்லாம் ரோட்டுக்கு வந்துருமுங்க.”

என் முகம் சுட்டது. “நேத்தே சொல்லியிருக்கலாமேக்கா.”

“உங்க கையப் பாத்ததுக்கு அப்புறம் எப்புடிங்க சொல்றது?”

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. உள்ளே போய் என் சட்டியை எடுத்துவந்தேன். பொறுக்குவதைவிட இறைப்பது சிரமம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சும்மா கொட்டக் கூடாது. பெரிய கல்லைச் சரிவுக்குக் குறுக்கே கிடத்தி, அதன் மேல்பக்கம் சின்னக் கல்லைப் பரப்ப வேண்டும். அக்கா செய்வதைப் பார்த்துப் பார்த்து நானும் செய்தேன். இடையிடையே பேரன் கதை நடந்தது. மூக்கு யாருடையது என்பதில் இரண்டு சம்பந்தி வீட்டுக்கும் இன்னும் முடிவாகவில்லையாம்.

சனிக்கிழமை கணவர் வந்தார். தன் சுவர் பாதிக்குமேல் காணாமல் போயிருப்பதைக் கண்டு திகைத்துவிட்டார்.

“தூக்குக்குண்டு புடிச்சு வெச்ச செவுருங்க அது!” என்று அக்காவிடமே முறையிட்டார்.

“நல்ல செவுருதானுங்க தம்பி. நிலத்துலதான் ஒண்ணுமில்லாமப் போயிருச்சு” என்றார் அக்கா.

கணவர் போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். பத்து நிமிடம் கழித்துச் சட்டையைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டு, சுவரின் மிச்சத்தை அவரே பிரிக்க ஆரம்பித்தார்.

மூன்றில் இரண்டு பங்கு முடித்திருந்தோம். ஞாயிறு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. பலா மரத்தடியில் மூன்று பேரும் ஒதுங்கினோம். கல் பரப்பிய பக்கத்திலிருந்து தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக, ஏறக்குறையத் தெளிவாகக் கசிந்து வந்தது. மொட்டையாகக் கிடந்த பக்கத்திலிருந்து டீ நிறத்தில் பாய்ந்து வந்தது. என் கண் முன்னால் மண் போய்க்கொண்டிருந்தது. நிற்க முடியவில்லை. மழைக்குள் ஓடி, கீழ் வரப்பில் கல்லை அடுக்கினேன். பின்னாலேயே இரண்டு பேரும் ஓடிவந்தார்கள். அக்கா சாக்கை விரித்து அடைத்தார். கணவர் மம்பட்டியால் குறுக்கே வாய்க்கால் இழுத்து, மண்ணோடு வந்த தண்ணீரைத் தேக்கினார். மூன்று பேரும் தலை முதல் கால் வரை சேறு.

மழை விட்டதும் போய்ப் பார்த்தோம். ஒரு பாய் விரிக்கும் அகலத்துக்குப் பாறை வெளியே வந்து, கழுவித் துடைத்ததுபோல் மின்னியது. நான் விசும்ப ஆரம்பித்தேன்.

“அட, இவ்ளோதானுங்களே!” என்றார் அக்கா. “நான் பாதி போயிருமுன்னு நெனச்சனுங்க.”

அடுத்த ஒரு வாரம் தேங்கிய வண்டலை அள்ளிச் சுமந்து அந்தப் பாறை மேல் கொட்டினோம். மேலே காட்டோரத்தில் மட்கிய இலையைக் கூட்டி வந்து கலந்தோம். மொட்டையாகக் கிடந்த பக்கத்திலும் கல் பரப்பி முடித்தோம். அடுத்த சனிக்கிழமை வந்தபோது அந்தப் பாறையைச் சுற்றிலும் கணவர் இரண்டு வரிசைக் கல் வைத்தார். இந்தத் தடவை மட்டக்கயிறு கட்டாமல், சரிவு எப்படி வளைகிறதோ அப்படியே வளைத்து வைத்தார். அது எனக்கு அவருடைய சுவரைவிட அழகாகத் தெரிந்தது.

சாமை நன்றாகவே வந்தது. பாறை தெரிந்த இடத்தில் மட்டும் பயிர் முழங்காலுக்குக் கீழேயே நின்றுவிட்டது. கதிர் என்னவோ அதிலும் பிடித்தது. களை எடுக்க இப்போது நானும் போகிறேன். என் கொத்தும் ‘ணங்’ என்கிறது.

அடுத்த கோடையில் பேரனைப் பார்க்கக் கிளம்பிய அக்கா, வாசல் தாண்டியவர் திரும்பி வந்தார். “டீச்சர், சாமைக் காட்டப் பாத்துக்கோங்க” என்றார். கொஞ்சம் யோசித்து, “பாத்தா மட்டும் போதுமுங்க” என்று சேர்த்துக்கொண்டார். ரோடு வரைக்கும் சிரித்துக்கொண்டே போனோம்.

கீழே எங்கள் ஊர்ப் பக்கமே இடமாறுதல் கிடைக்கும் என்று போன வருடம் சொன்னார்கள். வீட்டில் கேட்டேன். “அக்கா காட்டு மேல் மூலைல இன்னொரு வரிசை கல்லு வெக்கோணும். மழைக்கு முன்னாடி முடிக்கோணும். அப்புறமா யோசிக்கலாம்” என்றார் கணவர். நான் மனு எழுதிக் கொடுக்கவில்லை.