சாளையின் நீலம்

முட்டத்துப் பாறைமேல் நின்று கடலின் நிறத்தைப் பார்த்துச் சொல்வதுதான் கிளீட்டஸின் வேலை. தண்ணீர் செம்மண் கரைத்ததுபோல் கிடந்தால் அடியில் நெத்திலி. கருநீலமாகக் கனத்துக் கிடந்தால் சாளை. எதுவென்று அவர் போனில் சொன்னதும் கரையில் காத்திருக்கும் நான்கு வள்ளங்களும் அதற்குரிய வலையை ஏற்றிக்கொண்டு பாயும். இரண்டு வலைக்கும் கண்ணியின் அளவு வேறு. மாற்றிச் சொன்னால் மீனுக்கு நடுவிலே வலை வீசியும் வெறும் வள்ளமாகத் திரும்பவேண்டியதுதான். பதினெட்டு வருடத்தில் அவர் மாற்றிச் சொன்னதே இல்லை. இந்த மாதத்தில் மட்டும் இரண்டு முறை.

மூன்றாவது முறையும் தப்பினால் பாறைக்கு வேறு ஆள் என்று வள்ளக்காரர்களுக்குள் பேச்சு. அதை யாரும் அவர் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. டீக்கடைக்குள் அவர் நுழைந்ததும் பேச்சு சட்டென்று மழையைப் பற்றியதாக மாறிவிடும். நேரே கேட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பார். அந்த மழைப் பேச்சுதான் ராத்திரி முழுக்க நெஞ்சில் வெப்ராளமாகக் கிடந்து உருண்டது.

"பைனாக்குலருக்க கண்ணாடி பூத்துப்போச்சு, வேற ஒண்ணுமில்ல" என்று மனைவி ரீத்தாவிடம் நாலைந்து முறை சொல்லிவிட்டார். அவள் அதைக் கப்பலில் வேலை பார்க்கும் தம்பி ஜெனித்திடம் சொன்னாள். அவன் விடுப்பில் வரும்போது விலை கூடிய பைனாக்குலர்கள் இரண்டு கொண்டுவந்தான். ஒன்று அக்காள் புருஷனுக்கு, மற்றது நாகர்கோவிலில் பறவை பார்க்கும் ஒரு டாக்டருக்கு.

"பிடிச்சத நீங்க மொதல்ல எடுங்க மச்சான்."

விடிந்ததும் இருவரும் பாறையேறினார்கள்.

"கடலப் பாத்தா நெறம் பிடிகிட்டாது. வெள்ளையப் பாருங்க. லைட்டவுசுக்க செவரு."

கிளீட்டஸ் முதலாவதைத் தூக்கி, இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பார்த்தார். அது அவருடைய பழக்கம்.

"பால்ல மஞ்சப்பொடி விழுந்தது போல இருக்கு."

"செரிதான். அதுல லேசா மஞ்சச் சாயல் உண்டும். இப்ப இதப் பாருங்க. இது சுத்த வெள்ள காட்டும்."

"இதுலயும் மஞ்சப்பொடிதான்."

ஜெனித் வாங்கிப் பார்த்தான். "சும்ம கிடயும்! பெருநாளுக்கு வெளுத்த வேட்டிபோல கெடக்கு." பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். "நீங்க என்ன, கொக்கு சுடவா வந்திய, ஒத்தக் கண்ண மூடிட்டு? ரெண்டு குழலு எதுக்கு உண்டாக்கி வச்சிருக்கான்?"

அவன் அலையைப் படம்பிடிக்கப் பாறையின் ஓரத்துக்குப் போனான். கிளீட்டஸ் இடது கண்ணைத் திறந்து வலதை மூடினார். சுவர் மாதாகோயில் பூசையில் வைத்த அப்பம்போல வெளுத்திருந்தது. வலதைத் திறந்தார். மஞ்சள்.

வலது குழல் கெட்டது, பயலை எவனோ ஏமாற்றிவிட்டான் என்று முதலில் நினைத்தார். பைனாக்குலரைத் தலைகீழாகப் பிடித்தார். இப்போது வலது குழல் இடது கண்ணுக்கு வந்திருந்தது. மஞ்சள் குழலோடு போகவில்லை. வலது கண்ணிலேயே நின்றது. மற்றதை எடுத்துத் திருப்பினார். பிறகு இரண்டையும் இறக்கிவிட்டு, வெறுங்கையால் ஒரு கண்ணையும் மறு கண்ணையும் மாறி மாறிப் பொத்தினார். வெறுங்கண்ணிலும் அதே மஞ்சள்.

போன் அடித்தது. கரையிலிருந்து வள்ளக்கார லிபின். "மாமா, தெக்குப் பக்கம் கடல்காக்கா தண்ணியில கெடந்து சாடுது. என்னது? வலைய ஏத்தட்டா?"

தெற்கே பார்த்தார். வலது கண்ணில் தண்ணீர் பழுப்பேறிக் கிடந்தது. நெத்திலி. இடது கண்ணில் அதே இடம் கருநீலம். இரண்டு முறையும் இதுதானே நடந்திருக்கிறது!

"மாமா? கேக்குதா?"

'சாளை' என்று ஒரு சொல் சொன்னால் போதும். கண்ணின் கதை யாருக்கும் தெரியவேண்டாம். ஆனால் பதினெட்டு வருடமாக மூடியே கிடந்த கண்ணை நம்பி நான்கு வள்ளத்தை அனுப்புவதா? அதுவும் தப்பினால்?

"லிபினே, சாளைன்னு தெரியுது. ஆனா கேளு மக்கா, இடத கண்ணால பாத்துச் சொல்லுகேன். வலத கண்ணுல பொரை விழுந்திருக்கும்போல. அந்த ரெண்டு தெவசமும் எனக்க தப்பாக்கும். இனி எந்த வலைன்னு நீங்க முடிவு பண்ணுங்க."

மறுமுனையில் யாரோ யாரையோ வைதார்கள். போன் அறுந்தது.

கரையில் வலையை ஏற்றத் தொடங்கினார்கள். நெத்திலி வலை பச்சை, சாளை வலை நீலம். அவர் பைனாக்குலரைத் தூக்கிக் கரையைப் பார்த்தார். வலது கண்ணுக்கு வலை பச்சையாகத் தெரிந்தது. போயிற்று, நம்பவில்லை. வலதை மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தார்.

நீலம்.

ஜெனித் திரும்பிவந்து, "எது மச்சான், முடிவாச்சா?" என்றான்.

"எதையாவது ஒண்ண தா." வள்ளங்களை விட்டு அவர் கண்ணை எடுக்கவில்லை. "அந்த டாக்டரு பறவைய மட்டும்தான் பாப்பாரா, கண்ணும் பாப்பாரா?"