மலைக்கு அந்தப்புறம் ஒன்றுமில்லை என்றேன்

நான் பொய் சொன்னேன். தெரிந்தே சொன்னேன். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை.

முதல் தடவை குற்றாலத்து ஐந்தருவிக் கரையில், நண்பர்கள் கைதட்டலுக்கு நடுவே. இரண்டாம் தடவை என் அத்தானிடம், அவர் முகத்தைப் பார்த்தபடியே... அத்தான் என்றால் என் அக்கா செல்லம்மாளின் கணவர் அருணாசலம். அவர் குத்தகைக்கு உழுத வயலின் நெல்லைத் தின்றுதான் நான் கல்லூரி வரைக்கும் போனேன். எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் யாரும் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததில்லை.

குற்றத்தைச் சொல்ல வந்தவன் இத்தனை உற்சாகமாக எழுதுகிறானே என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். என்ன செய்ய! அந்த நாட்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. நான் பிறந்ததிலிருந்து இன்றுவரை அத்தனை சந்தோஷமாக இருந்ததில்லை. தப்புச் செய்தவனுக்கு அந்தக் காலம் கசந்துதான் தீரவேண்டுமா? எனக்குக் கசக்கவில்லையே... அதுதான் என் சங்கடம்!

முதலில் ஊர்வலத்தைச் சொல்கிறேன். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூரோடு இருந்தது. தமிழ் பேசுகிற ஊர் தமிழ் மண்ணோடுதான் சேரவேண்டும் என்று நாங்கள் தெருத்தெருவாகக் கத்தினோம். நான் மாட்டுவண்டிமேல் ஏறி நின்று கத்தினேன். வரமாட்டேன் என்று கூச்சப்பட்ட அத்தானையும் வயலிலிருந்து இழுத்துவந்து கத்தவைத்தேன். சேற்றுக்காலோடு கோஷம் போட்ட ஒரே ஆள் அவர்தான்! அவருடைய ஊர் செங்கோட்டைக்கு மேற்கே, மலையடிவாரத்தில். அவருடைய அண்ணன் வேலாயுதம் மலைக்கு அந்தப்புறம், தென்மலைப் பக்கம் ஒரு சரிவில் குத்தகைக்குப் பயிர் வைத்திருந்தார்.

ராஜ்யங்களைப் பிரித்துக் கோடு கிழித்தார்கள். அத்தானின் ஊர் இந்தப்புறம் வந்தது. அண்ணனின் ஊர் அந்தப்புறம் நின்றது. நாங்கள் ஜயித்தோம்! அன்றைக்கு அக்கா எல்லாருக்கும் பாயசம் காய்ச்சி ஊற்றினாள்.

அடுத்து வந்த தேர்தலில் மலைக்கு அந்தப்புறம் இடதுசாரி அரசாங்கம் ஒன்று ஓட்டுப்பெட்டி வழியாகவே வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்த சூட்டிலேயே, குத்தகைக்காரனையும் குடிசை போட்டவனையும் நிலத்தைவிட்டு இறக்கக்கூடாது என்று உத்தரவும் போட்டது.

தென்காசியில் நாங்கள் சில இளைஞர்கள் சோஷலிசம் படித்துக்கொண்டிருந்தோம். எங்களுக்கா தலைகால் புரியும்! சாரல் காலத்தில் எங்கள் கூட்டம் ஐந்தருவியில்தான். குளித்துவிட்டு, ஈரத்துண்டோடு பாறையில் உட்கார்ந்து, வேர்க்கடலை கொறித்துக்கொண்டே உலகத்தை மாற்றுவோம். அருவி இரைச்சலில் கத்தித்தான் பேசவேண்டும். அதனாலோ என்னவோ, எங்களில் மிதவாதி ஒருவன்கூடத் தேறவில்லை.

அந்த வாரம் எடுத்துக்கொண்ட விஷயம் இது: பக்கத்து ராஜ்யத்தில் ஓர் இடதுசாரி அரசாங்கம் சீர்திருத்தம் செய்கிறது. வெளியே இருக்கிற சோஷலிஸ்டுகள் அதை எப்படிப் பார்க்கவேண்டும்? மாலை போட்டு வரவேற்பதா? இது போதாது என்று தள்ளி நிற்பதா? தீர்ப்புச் சொல்லுமுன் யாராவது நேரில் போய்ப் பார்த்துவரட்டும் என்றான் இசக்கி. என்னோடு படித்தவன், அப்பாவின் சாக்குக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே உறவுக்காரர் இருப்பது எனக்கு மட்டும்தான். நானே போவதென்று முடிவாயிற்று.

செங்கோட்டையில் ரயில் ஏறினேன். குகையைத் தாண்டி, மழைக்குள் நுழைந்து, அந்தப்புறத்து முதல் ஸ்டேஷனில் வண்டி நின்றதும்... அடடா! அந்தக் காட்சியை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்!

தென்னங்கன்றுகள்! ஏறுகிற ஆள் ஒவ்வொருவர் கையிலும் தென்னங்கன்று. தலையில், இடுப்பில், கோணிக்குள், குடைக்குப் பக்கத்தில். என் மடிமேல் ஓர் அம்மாள் கேட்காமலே ஒரு கன்றை வைத்துவிட்டு, பிடித்துக்கொள் பிள்ளே என்று வெற்றிலை போட ஆரம்பித்துவிட்டாள். உட்கார இடமில்லாமல் மனிதர்கள் நிற்க, கன்றுகள் பலகையில் உட்கார்ந்து பிரயாணம் செய்தன. டிக்கெட் பரிசோதகர் ஓலைகளை விலக்கி விலக்கி முகங்களைத் தேடினார். கன்றுக்கும் டிக்கெட் உண்டா சாரே என்று ஒருவர் கேட்க, பெட்டியே குலுங்கியது!

ஏன் இத்தனை கன்று என்று எனக்கு விளங்கவில்லை. வேலாயுதம் அண்ணாச்சிதான் விளக்கினார். மண்வெட்டியும் கையுமாக மழையில் நனைந்தபடி தன் சரிவில் நின்றிருந்தார்.

"இத்தன வருசமா மரச்சீனியும் வாழையும்தான் வச்சேன். அடுத்த வருசம் இந்த மண்ணுல நான் இருப்பேனான்னு தெரியாதுல்லா. பத்து மாசத்துல கிழங்கப் பிடுங்கிரலாம். தென்னைய நட்டா யாருக்கு நடுதது? இப்பம் எறக்க முடியாதுங்கான். அதான் நட்டுப் பாக்கேன்."

அவர் மட்டுமா! அந்தச் சரிவு முழுக்க அந்த வாரம் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு மண்வெட்டி கொடுத்தார்கள். உள்ளங்கை கொப்புளிக்கிற வரை தோண்டினேன். சேற்றில் வழுக்கி விழுந்தேன். படிப்பு உருளுது பாரு என்று பெண்கள் சிரித்தார்கள். சாயந்திரம் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும் மத்திக் குழம்பும் வைத்தார்கள். ஒருவர் பாட, நான் ஆடினேன். ஆமாம், ஆடினேன்! புத்தகத்தில் படித்த அத்தனையும் அந்தச் சேற்றில் உயிரோடு நின்றது போலிருந்தது எனக்கு.

பிறகு ஏன் பொய் சொன்னேன்?

திரும்புகிற ரயில் குகையைவிட்டு இந்தப்புறம் வந்தது. மழை நின்றது, வெயில். தூரத்தில் அத்தானின் ஊர் தெரிந்தது. அப்போதுதான் சுருக்கென்றது... அந்தக் கோடு கொஞ்சம் கிழக்கே தள்ளி விழுந்திருந்தால், இந்த ஊரிலும் இன்று குழி தோண்டிக்கொண்டிருப்பார்களே! அண்ணனுக்குக் கிடைத்தது தம்பிக்குக் கிடைத்திருக்குமே! அவரை இந்தப்புறம் இழுத்துக்கொண்டு வந்தது யார்? வண்டிமேல் ஏறி நின்று கத்தினது யார்?

எல்லாவற்றையும் நானா கிழித்தேன் என்று நீங்கள் கேட்கலாம். இல்லைதான். ஆனால் நான்தான் கிழித்தேன் என்று ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டிருந்தேனே! பெருமைக்கு நான், பழிக்கு மட்டும் வேறு ஆளா?

அன்று அக்கா வீட்டில் இறங்கினேன். அங்கே என்ன விசேஷம் என்று அத்தான் ஆவலாகக் கேட்டார். அண்ணாச்சி சௌக்கியம், மழை நல்ல மழை என்றேன். கன்றுகளைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஐந்தருவி. இசக்கி ஒரு யோசனையோடு வந்திருந்தான். இந்தப்புறத்திலும் குத்தகைக்காரனுக்குச் சட்டம் என்று ஒன்று உண்டு. ஆனால் புதிதாக வந்து சேர்ந்த ஊர்களுக்கு அது செல்லுமா என்று ஒருவருக்கும் தெரியாது. ஆகவே ஊர் ஊராகப் போய் ஆட்களைத் திரட்டுவோம், அந்தப்புறம் கிடைத்தது இங்கேயும் வேண்டும் என்று கேட்போம் என்றான்.

நான் எழுந்தேன். ஐயோ, எப்படிப் பேசினேன் தெரியுமா! சீர்திருத்தம் என்பது இடிந்துபோன மாளிகைக்கு வெள்ளையடிப்பது என்றேன். அதைக் கெஞ்சிக் கேட்கிறவன் புரட்சியைத் தள்ளிப்போடுகிறான் என்றேன். வெளியே நிற்கிற நாம்தான் மயங்காமல் பார்க்கவேண்டும் என்றேன். நான் படித்திருந்த ஆங்கிலப் பிரசுரங்கள் அத்தனையும் அருவியாகக் கொட்டின.

எல்லாரும் தலையாட்டினார்கள். இசக்கி மட்டும் கடலையை மென்றுகொண்டே கேட்டான்.

"புஸ்தகத்த விடுலே. நீ போய்ட்டு வந்தவம்லா. கண்ணால என்ன பாத்த? அத மட்டும் சொல்லு."

"ஒண்ணுமில்ல. எல்லாம் பழைய மாதிரிதான் இருக்கு."

ஒண்ணுமில்ல! கையில் கொப்புளம் இன்னும் ஆறவில்லை. அந்தக் கையைத்தான் ஆட்டி ஆட்டிச் சொன்னேன்.

இசக்கியின் யோசனை தோற்றது. நண்பர்கள் என்னைத் தூக்கிக்கொண்டுபோய் அருவியில் தள்ளினார்கள். தலைமேல் தண்ணீர் இடியாக விழுந்தது. நான் சிரித்தேன். நடிப்பில்லை, உண்மையாகவே குதூகலமாக இருந்தது... மனிதன் இப்படியும் இருப்பான் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த அறுவடைக்கு முன்னால் அத்தான் தென்காசிக்கு வந்தார். நான் அப்போது பள்ளிக்கூட வாத்தியார். சட்டையின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்து வாசலில் காத்துக்கொண்டு நின்றார்.

"மாப்ள, வயக்காரரு இந்த அறுப்போட விட்டுருங்காரு. அவரே பயிர் வைக்கப் போறாராம். நமக்கும் ஏதோ சட்டம் இருக்குன்னு பேசிக்கிடுதாக. நின்னு பாக்கட்டுமா, விட்டுரட்டுமா? நீ சொன்னாச் சரி."

என்ன சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியும். நில்லுங்கள் என்று சொல்லவேண்டும். உங்கள் அண்ணன் நிற்கிறார், அந்தச் சரிவு முழுக்க நிற்கிறார்கள், இசக்கியை வரச்சொல்கிறேன், நாங்கள் எல்லாரும் உங்களோடு வரப்பில் வந்து நிற்கிறோம் என்று சொல்லவேண்டும். ஆனால் அதைச் சொன்னால் இசக்கியிடம் நான் சொன்னது பொய்யென்று ஆகிவிடும். அந்த ஊர்வலம் உங்களுக்கு நஷ்டம் அத்தான் என்றும் ஆகிவிடும்...

"சட்டம்லாம் கண்துடைப்பு அத்தான். மல்லுக்கு நின்னா கோர்ட்டுக்கு அலைஞ்சே அழிஞ்சு போவீக."

அப்பம் சரி என்றார். அவ்வளவுதான். எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார்.

அறுப்பு முடிந்ததும் அத்தானும் அக்காவும் மலையைத் தாண்டி அண்ணனிடம் போய்விட்டார்கள். அத்தான் அங்கே மர டிப்போவில் கூலிக்குத் தடிமரம் தூக்குகிறார்.

கொஞ்ச காலத்தில் அந்த அரசாங்கத்தையே பாதியில் கலைத்துவிட்டார்கள். எங்கள் கூட்டத்தில் என்னைத் தீர்க்கதரிசி என்றார்கள். நீ அன்றைக்கே சொன்னாயே என்றார்கள். நான் மறுக்கவில்லை. அடக்கமாகச் சிரித்துக்கொண்டேன்! அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால்தான் எனக்கு உடம்பு கூசுகிறது.

அந்த அரசாங்கத்தின்மேல் எனக்குக் குறையே இல்லை என்று இன்றும் சொல்லமாட்டேன். உத்தரவு போட்ட வேகத்தில் பாதிகூட, அதைக் காப்பாற்றுவதில் இல்லை. ஆனால் வெளியே நிற்பவன் என்ன செய்யவேண்டும் என்ற கேள்விக்கு இன்று என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. சீர்திருத்தம் கிடைத்தவனிடம் போய்க் கேள்; கிடைக்காதவனுக்கும் கேட்டு வாங்கு; குறையை அதற்கப்புறம் வேண்டியமட்டும் பேசு. எனக்குச் சொந்தமாக நிலமும் இல்லை, குத்தகையும் இல்லை. எதை வேண்டுமானாலும் போதாது என்று சொல்லலாம். எனக்கு என்ன போயிற்று? என் வாயால் போனதெல்லாம் அத்தானுக்குத்தான்.

அன்று கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா? தெரியாது. கிடைக்காமலே போயிருக்கலாம். அது தெரியாதபடி செய்தவன் நான்தான்.

போன மாதம் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். வீடு நிறைய ஆட்கள், ஒரே சிரிப்பு. அக்கா பருத்திருக்கிறாள். மலையாளம் பொழிகிறாள்! என்னை நடுவில் உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். அப்போது அடுத்த மேட்டில் குத்தகைக்குப் பயிர் வைக்கிற தங்கையா என்பவர் வந்தார். நிலத்துக்காரர் அவரையும் இறங்கச் சொல்கிறாராம்.

"எந் தம்பிகிட்டக் கேளுங்க, படிச்சவன்" என்றாள் அக்கா. "எங்க வயலு விசயத்துல இவன்தான் வழி சொன்னான். சட்டத்தால ஒண்ணும் நடக்காதுன்னு அப்பமே சொல்லிட்டான். அதான் கோர்ட்டு கச்சேரின்னு அலையாமத் தப்பிச்சோம்."

பெருமையாகத்தான் சொன்னாள். தங்கையா என் பக்கம் திரும்பினார்.

"சொல்லுங்க சாரே. நிக்கவா, விடவா?"

சோற்றில் வைத்த கையை எடுத்தேன். பிறகு சொன்னேன்.

"விடாதீங்க. நில்லுங்க. இந்தச் சரிவுல நின்னவுக எல்லாரும் இன்னும் இங்கனதான் இருக்காக."

அக்காவின் கையில் அகப்பை அப்படியே நின்றது. என்னையே பார்த்தாள். கோபமாக அல்ல, கணக்குப் புரியாத பிள்ளை பார்ப்பதுபோல.

"அப்பம் எங்ககிட்ட ஏம்லே அப்படிச் சொன்ன?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், சொல்லத்தான் திறந்தேன்... அதற்குள் அத்தான் முந்திக்கொண்டார்.

"ஏட்டி, அப்பம் காலம் வேற. பிள்ளைக்கு மீனப் போடு."

அக்காவும் அதானே என்று சிரித்துவிட்டாள். பெரிய துண்டாகப் பார்த்து இலையில் வைத்தாள்.

தெரியாமல் சொன்னாரா? எல்லாம் தெரிந்தே சொன்னாரா? அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. குழம்பு மிக நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.