மூன்றாவது பெயர்

கல்லறைத் திருநாளன்று காரைக்காலில் மழை பெய்யாவிட்டால்தான் அதிசயம். ஐப்பசி பாதி தாண்டிவிட்டால் வானம் யார் பேச்சையும் கேட்காது. ஒரு கையில் குடை, மறு கையில் மெழுகுவத்தி என்று இந்த ஊர் சனங்கள் பழகிக்கொண்டார்கள். விக்தோரினுக்கு மட்டும் அறுபத்தாறு வயதாகியும் பழகவில்லை.

"வருஷத்துல முந்நூத்தறுபத்தஞ்சு நாள் இருக்கு. இன்னிக்குத்தான் கொட்டணுமா?" என்று வானத்தை ஒரு அதட்டு அதட்டிவிட்டு, கல்லறைத் தோட்டத்து வாசலில் பூ விற்கும் அஞ்சுகத்திடம் திரும்பினாள். "சாமந்தி எங்க?"

அஞ்சுகம் நெரவியிலிருந்து கூடையோடு பஸ் ஏறி வருகிறவள். வாய்க்கு வாய் கொடுக்கத் தெரிந்தவள். "சாமந்தியெல்லாம் மொகூர்த்தத்துக்குப் போயிடிச்சி பிரெஞ்சம்மா. சம்பங்கி இருக்கு, ரோஜா இருக்கு. செத்தவங்களுக்கு சாமந்திதான் வைக்கணும்னு எந்த சாமி சொன்னிச்சு?"

"சாமி சொல்லலடி. ஒதெத் சொன்னா."

ஒதெத் யாரென்று அஞ்சுகத்துக்குத் தெரியாது. அதைச் சொல்வதென்றால் நாற்பது வருஷத்துக்கு மேல் பின்னால் போக வேண்டும்.

விக்தோரின் இந்த ஊர்ப் பெண். கன்னியாஸ்திரீகள் பள்ளியில் படித்தவள், பதினெட்டு வயதில் ஞானாதிக்கத்துக்கு வாழ்க்கைப்பட்டாள். அவருக்குப் பன்னிரண்டு வயது கூடுதல். தாத்தா காலத்திலேயே பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிய குடும்பம், பிரெஞ்சுப் பட்டாளத்திலும் சில வருஷம் இருந்துவிட்டு வந்தவர். நல்ல மனுஷன், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எதையும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பார், அது ஒன்றுதான் குறை.

பெண் குழந்தை பிறந்தது. ரொசாலி என்று பேர் வைத்தார்கள். அந்த மாதிரிக் குடும்பங்களில் பிள்ளை பிறந்தால் பாண்டிச்சேரி பிரெஞ்சுத் தூதரகத்தில் போய்ப் பதிய வேண்டும். பதிந்தால்தான் பிள்ளைக்கு அங்கே போகக் காகிதம் கிடைக்கும். "போலாம், போலாம்" என்றே நாலு வருஷத்தை ஓட்டினார் ஞானாதிக்கம். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று சும்மாவா சொன்னார்கள்? எண்பத்தொன்றில் பாரீசுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் சாமான் பார்க்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. புருஷனுக்குக் காகிதம் இருந்தது, பெண்சாதிக்கும் வந்துவிட்டது. குழந்தைக்கு இல்லை.

"நாலே மாசம். காகிதம் வந்ததும் நானே வந்து தூக்கிட்டுப் போறேன்" என்று தன் அக்காள் வீட்டில் குழந்தையை விட்டார். ரொசாலி அழவில்லை. "அங்க பனி கொட்டுமாமே, எனக்கு ஒரு டப்பாவுல போட்டுக் கொண்டாங்கப்பா" என்றாள். விக்தோரின்தான் பஸ்ஸில் பாண்டிச்சேரி வரை அழுதாள்.

ஒதெத் அங்கே எதிர்வீட்டுக்காரி. அந்த வருஷம் அக்டோபர் கடைசியில் ஒதெத்தின் மகளுக்குக் குழந்தை பிறந்தது. கடைத்தெருவில் எங்கே பார்த்தாலும் தொட்டி தொட்டியாகச் சாமந்தி. அட, நம்ம ஊர்ப் பூ! விக்தோரினுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மஞ்சளாகப் பூத்த தொட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு போய்ப் பிள்ளை பெற்ற வீட்டு வாசலில் நின்றாள். கதவைத் திறந்த ஒதெத்தின் முகம் வெளுத்துப் போயிற்று. தொட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, காபி போட்டுக் கொடுத்தாள். ஒரு வாரம் கழித்துத்தான் பக்குவமாகச் சொன்னாள்: இந்த நாட்டில் அந்தப் பூ செத்தவர்களுக்கு மட்டும்தான். கேட்டதும் விக்தோரினுக்கு மானம் போய்விட்டது. அப்புறம் இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு பிப்ரவரி வரைக்கும்தான். ரொசாலிக்கு மூளைக்காய்ச்சல், மூன்றே நாள். தந்தி வந்து சேர்ந்தபோது அடக்கமே முடிந்திருந்தது.

துக்கத்தில் வாய் எதை வேண்டுமானாலும் பேசும். ஆனால் விக்தோரின் பேசியது துக்கத்துக்கும் மேலே. "நீங்க ஒரே ஒரு நா பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறியிருந்தா எம் புள்ள இப்ப எம் மடியில இருந்திருக்கும். காய்ச்சல் கொல்லல அவள. உங்க சோம்பல்தான் கொன்னிச்சி."

அன்றிலிருந்து ரொசாலி என்ற பெயரையே ஞானாதிக்கம் வாயில் எடுக்கவில்லை. காரைக்காலுக்கும் வரவில்லை. "அந்த மண்ண நான் மிதிக்க மாட்டேன், நீ போயிட்டு வா" என்பதோடு சரி. விக்தோரின் மட்டும் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தனியாக வந்து மகளின் கல்லறையில் உட்கார்ந்துவிட்டுப் போவாள். பெற்ற பிள்ளையை இப்படித் துடைத்துப் போட்டுவிட்டாரே, இவரும் ஒரு தகப்பனா என்று உள்ளுக்குள் எரியும்.

தந்தி வந்த நாளிலிருந்து ஆண்டவரோடும் அவளுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஞானாதிக்கம் தனியாகவே போய்வந்தார். இப்படி ஒன்பது மாதம். நவம்பர் முதல் தேதி ஒதெத் கதவைத் தட்டினாள். கையில் மஞ்சள் சாமந்தித் தொட்டி.

"இப்ப இது உனக்கு வேணும்" என்றாள்.

"எங்க வைப்பேன் ஒதெத்? எம் புள்ள அங்கல்ல கிடக்கு?"

ஒதெத் அவள் கையைப் பிடித்து அந்த ஊர்க் கல்லறைக்குக் கூட்டிப்போனாள். நடுவில் ஒரு பெரிய கற்சிலுவை. அதன் அடியில் இருபது முப்பது தொட்டிகள். தூரத்தில் புதைத்தவர்களுக்கு இங்கேதான் வைப்போம் என்றாள் ஒதெத். விக்தோரின் குனிந்து தன் தொட்டியை வைத்தாள். ஒன்பது மாதத்துக்குப் பிறகு வாயில் ஒரு செபம் வந்தது, "அருள் நிறைந்த மரியே" என்று. பாதியில் நின்றுபோனாலும் வந்தது வந்ததுதான்.

அடுத்த வருஷம் பத்ரிஸ் பிறந்தான். இந்த முறை ஞானாதிக்கம் மறுநாள் காலையிலேயே போய்ப் பெயரைப் பதிந்துவிட்டு வந்தார். விக்தோரின் அதற்கும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவில்லை. பத்ரிசுக்குப் பத்து வயதாகும்போது வயிற்றில் புற்று வந்து அவர் போய்ச் சேர்ந்தார். அந்த ஊரிலேயே அடக்கம். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்து மகனை ஆளாக்கி, கல்யாணமும் முடித்து வைத்துவிட்டு விக்தோரின் காரைக்காலுக்கே திரும்பினாள். "ஒரு தடவை அவள விட்டுட்டுப் போனேன். இனிமே பக்கத்துலயே இருக்கேன்" என்று மகனிடம் சொல்லிவிட்டாள். வருஷா வருஷம் இங்கே ரொசாலிக்கு அவள் சாமந்தி வைப்பாள். அங்கே ஞானாதிக்கத்துக்கு ஒதெத் வைப்பாள்.

அஞ்சுகத்திடம் சாமந்தி இல்லாமல் போனதே, அதற்கு இரண்டு மாதம் கழித்துப் பத்ரிஸ் போன் செய்தான்.

"அம்மா, நகராட்சியிலேர்ந்து கடிதாசி வந்திருக்கு. அப்பா கல்லறை எடத்துக்கு முப்பது வருஷம் முடிஞ்சிடிச்சாம். புதுப்பிக்கணும். இல்லேன்னா எலும்ப எடுத்துப் பொதுக் குழியில போட்டுடுவாங்க."

"பொதுக் குழியா? அடப் பாவிகளா!"

"நான் புதுப்பிச்சிடறேம்மா. ஆனா நீங்களும் இங்க வந்துடுங்க. உங்களுக்கு ஒண்ணுன்னா நான் ஓடி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். ரொசாலிக்கு ஆன மாதிரியே ஆயிடும். அப்பாகூடவே உங்களுக்கும் எடம் இருக்கு."

அவன் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் கஷ்டமாக இருந்தது. மறுநாள் காலை பூசை முடிந்தும் விக்தோரின் மாதா சுரூபத்துக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். "ஒரு உடம்பு, ரெண்டு குழி. நான் எங்க போய்ப் படுக்க? புள்ளகிட்ட படுத்தா புருஷன் அங்க தனியாவே கெடப்பாரு. அவருகிட்ட போனா எம் பொண்ண ரெண்டாந்தரம் விட்டுட்டுப் போறேன். நீயும் புள்ளையப் பறிகொடுத்தவதானே, சொல்லேன்" என்று கேட்டாள்.

நாலாம் நாள் பத்ரிஸ் மறுபடி கூப்பிட்டான். புதுப்பிக்க வேண்டுமென்று பழைய ஒப்பந்தக் காகிதத்தைத் தேடி எடுத்திருந்தான். குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

"இந்த எடம் அப்பா சாகறதுக்கு ரெண்டு மாசம் முன்னால அவரே போய் வாங்கினதும்மா. இங்க யார் யாரை வைக்கணும்னு பேர் எழுதிக் குடுக்கணும். மூணு பேர் எழுதியிருக்காரு."

"மூணுதானே? அவரு, நான், நீ."

"என் பேர் இல்லம்மா."

அப்புறம் வாசித்தான். ரொசாலி. பிறந்த தேதி. பிறந்த ஊர், காரைக்கால். அப்பாவின் கையெழுத்து, பட்டாளத்தில் பழகிய அதே சாய்ந்த எழுத்து.

விக்தோரின் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். அதற்கப்புறமும் ஒரு தடவை. பிறந்தபோது பதியாத பெயரை, மகள் செத்துப் பதினோரு வருஷம் கழித்து, நடக்க முடியாத நோயோடு ஓர் அலுவலகப் படியேறிப் போய் எழுதிவிட்டு வந்திருக்கிறார் அந்த மனுஷன். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? அவர் வாயைத் தைத்து வைத்தது யார்?

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். ரொசாலிக்காக எத்தனையோ தடவை அழுதிருக்கிறாள். ஞானாதிக்கத்துக்காக அழுதது இதுதான் முதல் தடவை, அவர் அடக்கத்தன்றுகூட அழாதவள்.

அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, மகனைத் தானே கூப்பிட்டாள். "பத்ரிஸ், பொண்ண அங்க கொண்டுபோவ முடியாது. நாலு வயசுப் புள்ள, இந்த மண்ணோட மண்ணாயி எத்தினி வருஷம் ஆச்சு. அவரை இங்க கொண்டாந்துடு."

"அந்த மண்ண மிதிக்க மாட்டேன்னாரேம்மா?"

"மிதிக்க மூஞ்சி இல்லாமப் பண்ணினவ நான். நான் கூப்புட்டா வருவாரு."

நாற்பது வயதுக்காரன், சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டான்: "அப்ப நான் எங்கம்மா பூ வைக்கிறது? அப்பாவும் அங்க, நாளைக்கு நீங்களும் அங்க."

"நடுவுல பெரிய சிலுவை இருக்குல்ல? அதுக்கடியில வையிப்பா. ஒதெத்தக் கேளு, காட்டுவா."

காகிதங்கள் வந்துசேர அடுத்த கல்லறைத் திருநாள் ஆகிவிட்டது. பத்ரிஸ் ஒரு சின்ன மரப்பெட்டியைச் சென்னையிலிருந்து மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தான். மழைக்குக் குறைச்சலே இல்லை. வாசலில் அஞ்சுகம் வாழையிலை போட்டு மூடிய தனிக்கூடையைத் திறந்தாள். கூடை நிறைய மஞ்சள் சாமந்தி. "மொகூர்த்தக்காரங்க கேட்டாங்க. எங்க பிரெஞ்சம்மா வூட்டுக்காரரு ஊருக்கு வர்றாருன்னு சொல்லிட்டேன்" என்றாள். விக்தோரின் அவள் கன்னத்தைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டாள்.

சாமியார் தீர்த்தம் தெளித்தார். மழை அவர் தெளித்ததைவிட அதிகமாகவே தெளித்தது. ரொசாலியின் தலைமாட்டில் பெட்டியை இறக்கினார்கள். சனங்கள் குடைகளோடு அடுத்த கல்லறைக்கு நகர்ந்த பிறகும் விக்தோரின் நகரவில்லை. பத்ரிஸ் பிடித்திருந்த குடையை விட்டு வெளியே வந்து, ஈரமண்ணில் முட்டிபோட்டுக் குனிந்தாள்.

"ரொசாலி, அப்பா வந்திருக்காருடி. ரொம்ப லேட்டாயிடிச்சி, பனியும் கொண்டாரல. நீ ஒண்ணும் திட்டாத. நான் திட்டினதே போதும்."